இரண்டாம் பக்கத்தின் தாலாட்டு

இசைத்தட்டைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பள்ளங்களில் விரல் படாமல் பிடிப்பார்கள். கட்டைவிரல் விளிம்பில் இருக்கும், மற்ற விரல்கள் நடு லேபிளில். அப்படிப் பிடித்து விளக்குக்கு நேராகச் சற்றே சாய்த்தால், கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் பளபளக்கும். அதில் ஊசியால் கீறியதுபோல எண்கள் தெரியும். 1970களின் இத்தாலியத் தட்டுகள் பலவற்றில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தேதியும் இருக்கும். லேபிளின் மேல் எஸ்.ஐ.ஏ.இ. என்ற எழுத்துகளோடு ரப்பர் முத்திரை ஒன்று குத்தியிருக்கும். இசையமைப்பாளர்களின் உரிமைத் தொகையை வசூலிக்கும் இத்தாலியச் சங்கத்தின் முத்திரை அது. பழைய இத்தாலியத் திகில் படங்களின் இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்கள் உறையில் உள்ள கத்தியையும் ரத்தத்தையும் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் இந்தக் கீறலையும் இந்த முத்திரையையும்தான் தேடுவார்கள்.

நான் சொல்ல வந்தது அப்படிப்பட்ட ஒரே ஒரு தட்டின் கதை. ரோம் நகரத்து சினேவாக்ஸ் நிறுவனம் 1975இல் வெளியிட்டது. எண் எம்.டி.எஃப். 33/85. பெயர் 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ', ஆழ்ந்த சிவப்பு. டாரியோ ஆர்ஜென்டோ இயக்கி அந்த ஆண்டு மார்ச் மாதம் இத்தாலியில் திரைக்கு வந்த படத்தின் இசை. முதல் பக்கத்தில் மூன்று பாட்டு, இரண்டாம் பக்கத்தில் நான்கு. ஒன்றிலும் சொல் கிடையாது. மொத்தம் அரை மணி நேரம்தான் ஓடும். உலகம் முழுக்க இதை 'கோப்ளின் ரெக்கார்டு' என்றுதான் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்து இத்தாலியில் சினிமா இசை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் இந்தத் தட்டு புரியும். படத்தயாரிப்பாளருக்கு இசையை ஏற்பாடு செய்து கொடுத்தவை பெரும்பாலும் இசைப் பதிப்பகங்கள். பதிவுச் செலவில் தோள் கொடுப்பார்கள், பதிலுக்கு அந்த இசையின் பதிப்புரிமை அவர்கள் கைக்கு வரும். படம் ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போனாலும் இசையின் நாடாச் சுருள் பதிப்பகத்தின் அலமாரியில் இருக்கும். இன்று நூற்றுக்கணக்கான மறந்துபோன படங்களின் இசை நமக்குக் கிடைக்கிறது என்றால், அந்த வியாபார ஏற்பாட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சினேவாக்ஸ் பிக்ஸியோ குடும்பத்தின் நிறுவனம். குடும்பத்தின் மூத்தவர் செசாரே அந்த்ரேயா பிக்ஸியோ, இத்தாலியர் இன்றும் முணுமுணுக்கும் 'மம்மா' பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். தாய்ப்பாசப் பாட்டில் பெயரெடுத்த வீட்டிலிருந்துதான் கொலைகாரப் படங்களின் இசையும் வெளியே வந்தது.

ஆர்ஜென்டோவின் முதல் மூன்று படங்களுக்கும் இசை என்னியோ மொரிக்கோனே. மூன்றாவது படத்தோடு இருவருக்கும் மனத்தாங்கல். பிறகு வெகுகாலம் சேரவில்லை. 1996இல்தான் மீண்டும் கைகோத்தார்கள். இடையில் ஆர்ஜென்டோ போய்ச் சேர்ந்த இடம் ஜோர்ஜோ காஸ்லினி.

காஸ்லினி சாதாரண ஆள் இல்லை. மிலான் நகரத்துக்காரர், 1929இல் பிறந்தவர், ஜாஸ் பியானோ கலைஞர். மைக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் 'லா நோத்தே' படத்துக்கு இசையமைத்ததோடு, அந்தப் படத்தின் நீண்ட விருந்துக் காட்சியில் தன் குழுவோடு தோன்றி வாசிக்கவும் செய்தார். ரோமின் சாந்தா செசிலியா இசைக் கல்லூரியில் 1970களின் தொடக்கத்திலேயே ஜாஸ் கற்பித்தவர். இத்தாலிய இசைக் கல்லூரிகளுக்குள் ஜாஸ் நுழைந்த கதையில் அவர் பெயர் முதல் வரியில் வரும். ஆர்ஜென்டோவுக்காக 1973இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் 'லே சின்க்வே ஜொர்னாத்தே' என்ற படத்துக்கும் ஏற்கெனவே இசை கொடுத்திருந்தார். ஆகவே 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ'வும் இயல்பாகவே அவரிடம் போனது. கதாநாயகனும் ஒரு ஜாஸ் பியானோக்காரன். பொருத்தம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் ஆர்ஜென்டோவின் காதில் அப்போது ராக் ஓடிக்கொண்டிருந்தது. பிங்க் ஃபிளாய்டைக் கேட்டுப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அது நடக்கவில்லை. சினேவாக்ஸ் தன்னிடமிருந்த இளைஞர்களை அனுப்பியது. கீபோர்டுக்கு கிளாவுதியோ சிமொனெட்டி, கிட்டாருக்கு மாஸ்ஸிமோ மொராந்தே, பேஸுக்கு ஃபாபியோ பின்யத்தெல்லி, டிரம்ஸுக்கு வால்ட்டர் மார்த்தினோ. இவர்கள்தான் கோப்ளின் குழு. சிமொனெட்டிக்கும் மொராந்தேவுக்கும் அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான். சிமொனெட்டி பிறந்தது பிரேசிலின் சாவ் பாவ்லோவில், அப்பா என்ரிகோவும் இசையமைப்பாளர். ஜெனிசிஸ், யெஸ், கிங் கிரிம்சன் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த பையன்கள். ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டு அது எப்போது வெளிவரும் என்று காத்திருந்தார்கள்.

முதலில் அவர்களுக்குக் கொடுத்த வேலை வாசிப்பது மட்டும்தான். காஸ்லினி எழுதியதை ராக் இசையாக வாசித்துக் கொடுக்க வேண்டும். அப்போது இயக்குநருக்கும் காஸ்லினிக்கும் சரிப்படாமல் போய், காஸ்லினி பாதியில் விலகினார். மீதியை நீங்களே எழுதுங்கள் என்று ஆர்ஜென்டோ பையன்களிடம் சொன்னார். ஒரே இரவில் எழுதி மறுநாள் பதிவு செய்தோம் என்று சிமொனெட்டி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' பயன்பட்ட விதம் அப்போது எல்லோர் காதிலும் புதிதாக இருந்தது. அந்தச் சாயல் இதில் இருக்கிறது, அவர்களும் அதை மறைத்ததில்லை. தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். ஒரு சின்னச் சுரவரிசை விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. அடியில் பின்யத்தெல்லியின் பேஸ் இரை தேடும் மிருகம்போலத் தாழ்ந்து நடக்கிறது. திடீரென்று தேவாலயத்துக் குழாய் ஆர்கன் கூரை பிளக்க இறங்குகிறது. இந்த மூன்றும் சேரும் அந்த நொடிக்காகத்தான் ஐம்பது ஆண்டுகளாக மக்கள் இந்தத் தட்டை வாங்குகிறார்கள்.

இந்தத் தட்டின் முதல் பக்கம் முழுக்க அந்தப் பையன்கள் எழுதியது. 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ', 'டெத் டைஸ்', 'மேட் பப்பெட்'. திருப்பிப் போட்டால் நான்கும் காஸ்லினி எழுதியவை. 'வைல்ட் செஷன்', 'டீப் ஷேடோஸ்' இரண்டையும் பையன்கள் வாசித்தார்கள். 'ஸ்கூல் அட் நைட்', 'ஜான்னா' இரண்டும் காஸ்லினியின் சொந்த வாத்தியக் குழு. எழுந்து போன மனிதரின் இசையை அப்படியே ஒரு பக்கமாக வைத்துவிட்டார்கள். ஒரு சண்டை இத்தனை துல்லியமாக, ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் நான் என்று பாகப்பிரிவினை செய்து அச்சான இசைத்தட்டு வேறு இருக்கிறதா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

படத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடுகின்றன, கோப்ளினின் சுரவரிசை சுற்றத் தொடங்குகிறது. நடுவில் அது சட்டென்று நின்றுபோகிறது. ஒரு வீட்டின் கூடம், மூலையில் கிறிஸ்துமஸ் மரம். ஒரு குழந்தையின் குரல் 'லா லா லா' என்று தாலாட்டுப்போல ஒன்றைப் பாடுகிறது. சுவரில் இரண்டு நிழல்கள், ஒன்று மற்றதைக் குத்துகிறது. ஓர் அலறல். ரத்தம் தோய்ந்த கத்தி தரையில் வந்து விழுகிறது. அதன் முன்னால் ஒரு சிறுபிள்ளையின் கால்கள், முழங்கால்வரை ஏற்றிய வெள்ளைக் காலுறையோடு வந்து நிற்கின்றன. அவ்வளவுதான். மறுபடி எழுத்துகள், மறுபடி அந்தச் சுரவரிசை, ஒன்றுமே நடக்காததுபோல.

அந்தத் தாலாட்டுதான் 'ஸ்கூல் அட் நைட்'. காஸ்லினியுடையது. கதைக்குள்ளும் அதற்கு வேலை உண்டு. கொலைகாரர் கொலைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரில் அதை ஓடவிடுகிறார். அதாவது படத்தில் வரும் மனிதர்களும் அந்த இசையைக் காதால் கேட்கிறார்கள். அது கேட்டதும் அவர்கள் உடம்பு விறைக்கிறது. கோப்ளினின் இசை நமக்காக, பார்வையாளருக்காக வாசிக்கப்படுவது. காஸ்லினியின் தாலாட்டு கதையின் உள்ளே, கொலைகாரரின் சட்டைப்பைக்குள் இருப்பது. படத்தின் பழைய ரகசியம் அதில்தான் ஒளிந்திருக்கிறது. அது என்ன என்று சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். தட்டில் இரண்டு நிமிடம் சொச்சம்தான். பலர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போடும் பொறுமை இல்லாமல் அதைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம்.

தட்டு கடைக்கு வந்ததும் நடந்ததை சினேவாக்ஸ்காரர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இத்தாலிய விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. மாதக்கணக்கில் பட்டியலை விட்டு இறங்கவில்லை. பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியதாகச் சொல்கிறார்கள். ஒரு திகில் படத்தின் சொல்லில்லாத இசை, காதல் பாட்டுத் தட்டுகளோடு போட்டி போட்டு வீட்டுக் கூடங்களுக்குள் போனது. காத்திருந்த அந்தப் பழைய ஆல்பமும் பிறகு வெளிவந்தது, 'செர்ரி ஃபைவ்' என்ற வேறு பெயரில். யாரும் கவனிக்கவில்லை. அதனால்தான் இன்று 'செர்ரி ஃபைவ்' முதல் பதிப்பு கிடைப்பது அரிது, 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ' முதல் பதிப்பு தேடினால் கிடைக்கும். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் போதும். புகழ்பெற்ற தட்டு வேறு, அரிய தட்டு வேறு. எல்லோரும் வாங்கியது எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கும். ஆனால் கீறல் விழாமல் இருக்காது. 1975இல் இத்தாலியப் பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டு இதைப் போட்டுப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் சடசடப்பு அதிகமாகவும் இரண்டாம் பக்கத்தின் முடிவில் பளிங்குபோலவும் இருக்கும் பிரதி கையில் வந்தால், முன்பு வைத்திருந்தவரின் பழக்கம் அதிலேயே தெரிந்துவிடும்.

தட்டு இத்தாலியைத் தாண்டிப் போன வழி விசித்திரமானது. வெளிநாடுகளுக்கு அனுப்பிய படத்தின் பிரதியில் ஏறக்குறைய இருபது நிமிடத்தைக் குறைத்திருந்தார்கள். வெட்டுப்பட்டவை பெரும்பாலும் கதாநாயகனும் பத்திரிகைக்காரி ஜான்னாவும் வரும் கலகலப்பான காட்சிகள். தாரியா நிக்கோலோடி நடித்த அந்த ஜான்னாவின் பெயரில்தான் தட்டின் கடைசிப் பாட்டு இருக்கிறது. சுருங்கிய பிரதியை மட்டும் பார்த்தவர்களுக்கு இத்தனை இலேசான ஒரு மெட்டு இந்தத் தட்டில் எதற்கு என்று குழம்பியிருக்கும். வெட்டிய காட்சிகளின் ஞாபகம் தட்டில் பத்திரமாக இருந்தது.

அடுத்த நிறுத்தம் ஜப்பான். 1977இல் ஆர்ஜென்டோவின் 'சுஸ்பிரியா' வந்தது, இசை முழுக்க கோப்ளின். மூக், மெல்லோட்ரான், கிரேக்க புஸூக்கி, கிசுகிசுக்கும் குரல்கள், இவற்றோடு நம் தபலாவும் சேர்ந்து ஜெர்மானியச் சூனியக்காரிகளின் கதையைச் சொன்ன இசை அது. படப்பிடிப்பின்போதே இசையைத் தளத்தில் உரக்க ஒலிக்கவிட்டு நடிகர்களை நடுங்க வைத்தார் ஆர்ஜென்டோ. சினேவாக்ஸ் வெளியிட்ட அதன் முதல் பதிப்பின் உறையை விரித்தால் உள்ளிருந்து அட்டைச் சித்திரம் ஒன்று எழுந்து நிற்கும். மடிப்பு கிழியாமல் அது எழுந்து நிற்கும் பிரதியைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் உண்டு. ஜப்பானில் 'சுஸ்பிரியா' பெரிய வெற்றி. உடனே விநியோகஸ்தர்கள் அதற்கு இரண்டு ஆண்டு முந்தைய 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ'வைக் கொண்டுவந்து 1978இல் 'சுஸ்பிரியா பாகம் 2' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அண்ணன் தம்பியாகிப் போனான். ஜப்பானிய ரசிகர்கள் இன்றும் அந்தப் படத்தை அந்தப் பெயரால்தான் அறிவார்கள்.

பிறகு தேய்பிறை. கோப்ளின் உடைந்தது, சேர்ந்தது, மறுபடி உடைந்தது. 1982இல் ஆர்ஜென்டோவின் 'தெனெப்ரே' படத்துக்கு மூன்று பேர் சேர்ந்து வாசித்தபோது குழுவின் பெயரைப் போட முடியாமல் ஆளாளுக்குச் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். வினைல் போய் கேசட், கேசட் போய் சி.டி. என்று உலகம் மாறியது. இத்தாலியத் திகில் படங்களின் தயாரிப்பும் வற்றியது. இந்தத் தட்டுகள் பழைய சாமான் சந்தைகளில் குப்பை விலைக்குக் கிடந்தன.

அங்கிருந்து அவற்றைத் தூக்கி எடுத்தவர்கள் சேகரிப்பாளர்கள்தான். பெர்லினில் ஒரு சிறு நிறுவனம் 1995இல் ஸ்பானிய இயக்குநர் ஹெசூஸ் ஃபிராங்கோவின் 'வாம்பைரோஸ் லெஸ்போஸ்' உள்ளிட்ட படங்களின் இசையைத் திரட்டி வெளியிட்டது. மன்ஃப்ரெட் ஹ்யூப்லர், சீக்ஃப்ரீட் ஷ்வாப் என்ற இருவரின் இசை. இருபது வருடத்துக்கு மேல் யாரும் தேடாத அந்த இசைக்கு லண்டன் இளைஞர்கள் ஆடினார்கள். இரண்டே வருடத்தில் குவென்டின் டரான்டினோவின் 'ஜாக்கி பிரௌன்' படத்தில் அதிலிருந்து ஒரு பாட்டு வந்தது. அதே காலத்தில் சினேவாக்ஸும் தன் அலமாரியைத் திறந்து நாடாச் சுருள்களைத் தூசி தட்டியது. 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ' சி.டி.யாக வந்தபோது ஏழு பாட்டுக்குப் பதில் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. படத்துக்காகப் பதிவு செய்து தட்டில் இடம் கிடைக்காமல் போனவை எல்லாம் வெளியே வந்தன. தாலாட்டுக்கே பல வடிவங்கள்.

அந்த விரிந்த பதிப்புக்கு நான் நன்றியுள்ளவன். ஆனாலும் அதில் ஒன்று தொலைந்தது. சி.டி.யில் பக்கம் கிடையாது. திருப்பிப் போடும் அந்த ஒரு நிமிட மௌனம் கிடையாது. இந்தத் தட்டில் அந்த மௌனம் காஸ்லினி கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறிய இடம். ஒரே கோட்டில் அத்தனை துண்டுகளையும் அடுக்கினால் அந்தக் கதவு கண்ணுக்குத் தெரியாது.

2010களில் வினைல் திரும்பி வந்தது. இங்கிலாந்தின் டெத் வால்ட்ஸ் நிறுவனம் 2012இல் ஃபாபியோ ஃப்ரிட்ஸியின் 'ஸோம்பி 2' இசையைத் தட்டாகக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் வாக்ஸ்வர்க் என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. இத்தாலியிலேயே சினேவாக்ஸின் பழைய தட்டுகளை மறுபடி அச்சடித்தார்கள். 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ' பெயருக்கேற்ற சிவப்பு வினைலிலும் வந்துவிட்டது. இப்போது முதன்முறையாக வாங்க நினைப்பவருக்கு என் யோசனை, கறுப்பு வினைலில் பழைய ஏழு பாட்டு வரிசையுள்ள மறுபதிப்பு. காசு மிச்சமாகும், கீறல் இருக்காது. எஸ்.ஐ.ஏ.இ. முத்திரையுள்ள முதல் பதிப்பைக் காது பழகிய பிறகு தேடிக்கொள்ளலாம்.

படத்தின் எழுத்துகள் ஓடும்போது இசைக்கான வரியைக் கவனித்திருக்கிறீர்களா? இசை ஜோர்ஜோ காஸ்லினி என்றுதான் போடுகிறார்கள். கோப்ளின் அதை வாசித்தவர்கள் என்று அடுத்து வருகிறது. 1975இல் திரையில் இருந்த வரிசை அது. இன்று மறுபதிப்புகளின் பேச்சிலும் விளம்பரத்திலும் அது தலைகீழாகிவிட்டது. கோப்ளின் பெரிதாக, காஸ்லினி சிறிதாக, சில சமயம் இல்லாமலே. முதல் வரிசை பையன்களுக்கு அநியாயம், ஒரு இரவில் அவர்கள் எழுதிய மூன்றும்தான் தட்டை விற்றன. இரண்டாவது வரிசை காஸ்லினிக்கு அநியாயம். அவர் 2014இல் காலமானார். மொராந்தே 2022இல் போய்விட்டார். சிமொனெட்டி தன் பெயரை முன்னால் வைத்து நடத்தும் கோப்ளின் குழுவோடு ஊர் ஊராகப் போய், படத்தைத் திரையில் ஓடவிட்டு மேடையில் நேரடியாக வாசிக்கிறார்.

ரோம் போகிறவர்களுக்கு இன்னொரு இடம் இருக்கிறது. வத்திக்கானுக்கு அருகில் கிராக்கி தெரு, எண் 260. ஆர்ஜென்டோ தன் நண்பர் லூயிஜி கோஸ்ஸியோடு சேர்ந்து 1989இல் தொடங்கிய கடை. பெயர் 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ'. முன்பக்கம் புத்தகங்கள், முகமூடிகள், படங்கள். படியிறங்கினால் நிலவறையில் அவர் படங்களின் பொருள்களை வைத்த சிறு காட்சிக்கூடம்.

அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், இந்தத் தட்டோ மறுபதிப்போ உங்கள் கைக்கு வரும் நாளில் ஒன்று செய்யுங்கள். முதல் தடவை மட்டும் தலைப்புப் பாட்டை விட்டுவிடுங்கள், அதை எப்படியும் நூறு முறை கேட்கப்போகிறீர்கள். தட்டைத் திருப்பிப் போடுங்கள். முள்ளை மூன்றாவது பாட்டில் இறக்குங்கள். இரண்டு நிமிடம்தான், அந்தக் குழந்தை பாடட்டும்.